காத்து பார்த்துத் தூத்தணும், முகம் பார்த்துப் பேசணும்

 

கிருத்திகைக்கு கிருத்திகை ஒரு பாடம்னு எழுதிட்டு வர்றோம் இல்லையா, இந்த வாரம் தலைப்பைக் கொடுத்ததே நீங்கதான். எனக்கு வர்ற செய்திகள்ல பாதிக்கு மேல ஒரே மாதிரி: "அண்ணா, நான் சொன்னது நியாயம்தான். ஆனா வீட்டுல பெரிய சண்டையாயிடுச்சு." "அண்ணா, ஆறுதலாத்தான் பேசினேன், அவன் பேச்சையே நிறுத்திட்டான்." படிச்சுப் பார்த்தா சொன்ன விஷயத்துல தப்பே இருக்காது. சொன்ன நேரம், சொன்ன இடம், எதிர்ல இருந்தவங்க மனசு, இந்த மூணுல ஏதோ ஒண்ணு இடிச்சிருக்கும். நம்ம பெரியவங்க இதுக்கு வச்ச பேர் குறிப்பறிதல். திருக்குறள்ல இந்தப் பேர்ல ரெண்டு அதிகாரம் இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? பொருட்பால்ல 71-வது அதிகாரம், காமத்துப்பால்ல 110-வது அதிகாரம். ஒரே தலைப்பை வள்ளுவர் ரெண்டு இடத்துல வச்சிருக்கார். அரசவைக்கும் அது வேணும், அன்புக்கும் அது வேணும்னு நான் எடுத்துக்கிறேன்.

முதல்ல ஒரு பழமொழி. எல்லாருக்கும் தெரிஞ்சது, ஆனா பெரும்பாலும் தப்பா பயன்படுத்துறது. "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்." இப்ப இதை யார் சொல்றாங்க? பதவி இருக்கும்போதே சம்பாதிச்சுக்கோ, கிடைக்கும்போதே சுருட்டிக்கோன்னு சொல்றவங்கதான் அதிகம். களத்து மேட்டுல நின்னு பார்த்தவங்களுக்கு இது அப்படிப்பட்ட பேச்சே இல்லை.

நெல் அடிச்சு முடிச்சதும் களத்துல நெல்லும் பதரும் தூசியும் கலந்து கிடக்கும். முறத்துல அள்ளி, கையைத் தலைக்கு மேல தூக்கி, கொஞ்சம் கொஞ்சமா சரிய விடுவாங்க. நல்ல மணி கனமா இருக்கும், நேரா காலடியில விழும். பாதி பால் பிடிச்ச கருக்காய் கொஞ்சம் தள்ளி விழும். வெறும் பதர் காத்தோட போய் தூரமா ஒதுங்கும். பிரிக்கிற வேலையைச் செய்யறது காத்துதான், மனுஷன் அதுக்கு இடம் கொடுக்கிறான், அவ்வளவுதான். அதனால தூத்துறவர் முதல்ல செய்யற காரியம் முறத்தைத் தூக்குறது இல்லை. காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு பார்ப்பார். ஒரு கைப்பிடி தூசியை அள்ளி விட்டுப் பார்ப்பார். அதுக்கு ஏத்த மாதிரி நிற்கிற இடத்தை மாத்துவார். எதிர்காத்துல நின்னா பதரெல்லாம் அவர் கண்ணுலயே வந்து விழும்!

இன்னொண்ணு, காத்து இருந்தா மட்டும் போதாது. பலமா அடிச்சா நெல்லும் சேர்ந்து பறந்துடும், அப்ப முறத்தைக் கீழே வச்சிடணும். காத்தே இல்லைன்னா எவ்வளவு தூத்தினாலும் எல்லாம் ஒரே குவியலா விழும், அப்பவும் வச்சிடணும். வச்சிட்டுச் சும்மா உட்காரவும் மாட்டாங்க. களத்தைக் கூட்டுவாங்க, சாக்கைத் தைப்பாங்க, கஞ்சி குடிப்பாங்க. திரும்பக் காத்து எழும்பினதும் ஓடிவந்து தூத்துவாங்க. ஆக இந்தப் பழமொழியில அவசரமும் இருக்கு, பொறுமையும் இருக்கு. ஒரு பாதியை மட்டும் நாம எடுத்துக்கிட்டோம்.

வீட்டுல ஒரு விஷயம் கேட்கப் போறீங்களா? அப்பா வேலைக்குக் கிளம்பற பத்து நிமிஷத்துல கேட்கிறது புயல்காத்துல தூத்துற மாதிரி. விருந்தாளிங்க முன்னாடி கேட்கிறது எதிர்காத்துல தூத்துற மாதிரி. அவங்க முன்னாடி "இல்ல"ன்னு சொல்லிட்டா பிறகு "சரி"ன்னு மாத்திக்க அவருக்கு வழியே இல்லாம போயிடும். நீங்களே அவரை மூலையில நிறுத்திட்டீங்க.

அடுத்தது, "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்." இதை அழகு சாதன விளம்பரத்துக்குக்கூட எழுதிட்டாங்க, போகட்டும். இங்க அழகுன்னா நல்லதும் கெட்டதும் சேர்ந்த உள்ளத்தோட நிலைமை. வள்ளுவர் இதுக்கு பளிங்கை உவமையா சொல்றார். பளிங்குக்குன்னு தனி நிறம் கிடையாது. பக்கத்துல செம்பருத்தி வச்சா சிவக்கும், வெத்தலை வச்சா பச்சையாகும். முகமும் அப்படித்தான், நெஞ்சுல எது மிகுந்து நிக்குதோ அதை வாங்கிக் காட்டிடும். அதே அதிகாரத்தோட கடைசியில, நுட்பமானவங்க கையில வச்சிருக்கிற அளவுகோல் எதுன்னு பார்த்தா அது கண்ணு மட்டும்தான்னு முடிக்கிறார். விருந்தோம்பல் அதிகாரத்துல அனிச்சப் பூ வரும். அது மோந்தாத்தான் வாடும், விருந்தாளி நம்ம முகம் மாறினாலே வாடிடுவாங்க. இங்க ஒரு விஷயம் இருக்கு. நாம மத்தவங்க முகத்தைப் படிக்கிறோம்னு நினைச்சிட்டிருக்கும்போது அவங்களும் நம்ம முகத்தைப் படிச்சிட்டுத்தான் இருக்காங்க.

முகத்தைப் பார்த்தாச்சு, பேச்சையும் படிக்கத் தெரியணுமே. நம்ம வீடுகள்ல வார்த்தை ஒண்ணு, அர்த்தம் ஒண்ணு. அம்மா "உன் இஷ்டம்"னு சொன்னா அது அனுமதின்னு நினைச்சுக் கிளம்பின பிள்ளைங்க எத்தனை பேர்! அது பெரும்பாலும் "எனக்கு இஷ்டம் இல்லை, ஆனா சண்டை போட தெம்பு இல்லை"ங்கிறதோட சுருக்கம். மாமா "பார்க்கலாம்"னா பத்துக்கு எட்டு தடவை நடக்காதுன்னு அர்த்தம். ரெண்டு நாளா பேசாம இருந்த அப்பா திடீர்னு "சாப்பிட்டியா?"ன்னு கேட்டா, அது சோத்தைப் பத்தின கேள்வி இல்லை. சமாதானக் கொடி அது. அந்த நேரத்துல "ம்"னு சொல்லிட்டு ஃபோனைப் பார்த்தீங்கன்னா கொடியைக் கீழே போட்டு மிதிச்ச மாதிரி. "நீங்க சாப்பிட்டீங்களாப்பா?"ன்னு திருப்பிக் கேளுங்க. பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்திடும்.

"மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி"ன்னு ஒரு வசனம் உலவுது. பழமொழியா இருந்தாலும் எனக்கு இதுல உடன்பாடு இல்லை. மௌனத்துக்கு நூறு காரணம் இருக்கலாம். பயம், அலுப்பு, அவமானம், எதிர்த்துச் சொல்ல முடியாத நிலைமை. பெண்பார்க்கிற வீட்டுல தலை குனிஞ்சு நின்ன எத்தனையோ அக்காமாரோட மௌனத்தைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டது இந்த ஊர். குறிப்பறியத் தெரிஞ்சவங்க மௌனத்தை ஒரு கேள்வியாத்தான் எடுத்துக்குவாங்க. தனியா கூப்பிட்டு, "நிஜமா சொல்லு, உனக்குச் சம்மதமா?"ன்னு ஒரு தடவை வாய்விட்டுக் கேட்பாங்க.

இதையெல்லாம் ஃபோன்ல எப்படிப் படிக்கிறது? இது உங்க தலைமுறையோட கேள்வி. நேர்மையான பதில் என்னன்னா, முக்கால்வாசி படிக்க முடியாது. அளவுகோல் கண்ணுன்னு சொன்னாரே, அந்தக் கண்ணு வாட்ஸ்அப்ல இல்லையே. "சரி"ன்னு ஒரு வார்த்தை வருது, கோபமா, அவசரமா, பஸ்ல தொங்கிட்டு ஒரு கையால அடிச்சதான்னு தெரியாது. ரெண்டு நீல டிக் விழுந்தும் பதில் இல்லைன்னா உடனே ஒரு கதையை நாமளே எழுதி, அதுக்கு நாமளே கோபப்பட்டு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நீளமா ஒரு செய்தி அனுப்பிடறோம். பணம், கல்யாணம், மன்னிப்பு, பிரிவு இந்த நாலையும் எழுத்துல பேசாதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது. நேர்ல போங்க, முடியலைன்னா கூப்பிட்டுப் பேசுங்க. குரல்லயாவது கொஞ்சம் முகம் இருக்கு.

துக்க வீடு இன்னும் கவனமான இடம். நம்ம குழுக்கள்ல யாராவது அப்பா தவறிட்டார்னு போட்டா, அடுத்த நிமிஷமே "எல்லாம் முருகன் செயல்", "கர்மா கழிஞ்சது"ன்னு வரிசையா வந்து விழுது. போடுறவங்க பக்திலதான் போடுறாங்க, சந்தேகம் இல்லை. ஆனா அந்த நேரத்துல அந்தப் பிள்ளை முருகன் மேலேயே கோபமா இருக்கலாம். "வெந்த புண்ணில் வேல் பாய்ச்சாதே"ன்னு நம்ம ஆளுங்க சொன்னாங்க பாருங்க. வேல் நமக்குத் தெய்வம்தான், ஆனா புண்ணு மேல அதை வைக்கிற நேரம் அது இல்லை. கிராமத்துல துக்கத்துக்குப் போறவங்க என்ன பேசுவாங்க? பெரும்பாலும் ஒண்ணுமே பேசமாட்டாங்க. கையைப் பிடிச்சுக்குவாங்க, பக்கத்துல உட்காருவாங்க, சமையல்கட்டுப் பக்கம் போய் யாருக்குக் காபி வேணும்னு பார்ப்பாங்க. தத்துவம் பேச நிறைய நாள் இருக்கு.

சரி, நம்ம சாமி கதைக்கு வருவோம். கந்தபுராணத்துல குறிப்பறிதல் எங்கெல்லாம் வருதுன்னு தேடிப் பார்த்தா, ரெண்டு இடம் பளிச்சுன்னு தெரியுது.

ஒண்ணு வள்ளி கதை. தினைப்புனத்துல முருகன் வேடனா வர்றார். நம்பிராஜன் வர்ற சத்தம் கேட்டதும் வேங்கை மரமா நிக்கிறார். அப்புறம் தள்ளாத கிழவரா வந்து தேனும் தினைமாவும் கேட்கிறார். இடத்துக்கும் ஆளுக்கும் ஏத்த உருவம். இதைக் கேட்டுட்டு ஒரு தம்பி எனக்கு எழுதினான்: "அண்ணா, அப்ப பொண்ணு வேணாம்னு சொன்னாலும் விடாம பின்னாடி போகணும், அதானே?" இல்லவே இல்லை தம்பி. கதையோட முன்பகுதியைப் படி. வள்ளி முற்பிறவியில சுந்தரவல்லியா இருந்து, முருகனையே மணக்கணும்னு தவம் இருந்தவ. அவ மனசு ஏற்கெனவே அவர்கிட்ட இருக்கு, அது தெரிஞ்சுதான் அவர் வர்றார். தெய்வம் உயிரைத் தேடி வந்து ஆட்கொள்றதைச் சொல்ற கதை அது. அதைக் காதல் பாடமா எடுத்துக்கிட்டு ஒரு பொண்ணு பின்னாடி பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்காதே. சினிமா சொல்லிக்கொடுத்த "வேணாம்னா வேணும்"கிறது குறிப்பறிதலுக்கு நேர் எதிர். 110-வது அதிகாரத்தைப் போய்ப் பாரு, அங்க ரெண்டு பக்கமும் பார்வை ஒத்துப் போகுது. ஒருத்தர் மட்டும் பார்த்துட்டே இருந்தா அதுக்குப் பேர் வேற. பயந்து ஒதுங்குற முகத்தை வெட்கம்னு படிக்கிறவன் குறிப்பறியாதவன்.

இன்னொண்ணு வீரவாகு தூது. போருக்கு முன்னாடி திருச்செந்தூர்ல இருந்து முருகன் சூரபத்மன்கிட்ட ஒரு தூதரை அனுப்பறார். நவவீரர்கள்ல மூத்தவர் வீரவாகு. அவர் கடலைத் தாண்டி மகேந்திரபுரிக்குப் போனதும் நேரா சபைக்குள்ள போய்க் கத்தலை. காவல் எப்படி இருக்குன்னு பார்க்கிறார், யார் கண்ணுலயும் படாம நகரத்துக்குள்ள போறார், முதல்ல சிறையில இருக்கிற ஜெயந்தனையும் தேவர்களையும் பார்த்து ஆறுதல் சொல்றார். அதுக்கப்புறம்தான் சூரன் சபை. அங்க கைகட்டி நிக்கலை, முருகன் அருளால வந்த ஆசனத்துல உட்கார்ந்து பேசறார். தூதுவனா எந்த இடத்துல பதுங்கணும், எந்த இடத்துல நிமிரணும்னு அவருக்குத் தெரியுது.

கவனிக்க வேண்டியது, சூரன் கோபக்காரன்னு தெரிஞ்சும் அவர் செய்தியைக் குறைச்சுச் சொல்லலை. தேவர்களைச் சிறையில இருந்து விடு, இல்லைன்னா போர். அவ்வளவுதான். இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. குறிப்பறிதலை நிறையப் பேர் காக்கா பிடிக்கிறதோட குழப்பிக்கிறாங்க. மேலதிகாரி முகம் பார்த்து அவருக்குப் பிடிச்சதை மட்டும் பேசறது குறிப்பறிதல் இல்லை, ஜால்ரா. சொல்ல வேண்டியது மாறாது. எப்ப, எங்க, எந்தக் குரல்ல சொல்றோம்கிறதுதான் மாறும்.

சூரன் பக்கம் பாருங்க. அவனுக்கு பலம் இருந்தது, வரம் இருந்தது, ஆயிரத்தெட்டு அண்டம் இருந்தது. எதிர்ல வர்றவர் யாருன்னு படிக்கத்தான் தெரியலை. பால் மணம் மாறாத பாலகன், இவன் என்ன செய்வான்னு நினைச்சான். தம்பி சிங்கமுகனுக்குத் தெரிஞ்சது. அண்ணா, இது சாதாரணப் பிள்ளை இல்லை, தேவர்களை விட்டுடுன்னு சபையிலயே எடுத்துச் சொன்னான். சூரன் தம்பியையே பழிச்சான். குறிப்பறியத் தெரியாதவங்க பிழைச்சுக்கலாம், பக்கத்துல இருக்கிற குறிப்பறிஞ்சவங்க பேச்சைக் கேட்டா போதும். வள்ளுவரும் அப்படிப்பட்டவங்களை எதைக் கொடுத்தாவது துணையா வச்சுக்கச் சொல்றார். சூரனுக்கு அந்தத் துணை சொந்த வீட்டுலயே இருந்தது. உங்க வீட்டுலயும் ஒரு சிங்கமுகன் இருப்பாங்க. பெரும்பாலும் பாட்டி. "இப்ப அவன்கிட்ட பேசாத, அவன் நடை சரியில்ல"ன்னு செருப்புச் சத்தத்தை வச்சே சொல்வாங்க.

சரி, நேரம் பார்த்து நேரம் பார்த்து எதுவுமே சொல்லாம இருந்துட்டா? அதுக்கும் பழமொழி வச்சிருக்காங்க: "அலை எப்போ ஓயறது, தலை எப்போ முழுகறது?" செந்தூர்க் கடல்ல குளிச்சவங்களுக்குத் தெரியும், அலை ஓயவே ஓயாது. ரெண்டு அலைக்கு நடுவுல முழுகி எழணும். கோபம் விஷயத்துல இதை ரொம்ப அழகா ரெண்டு சமையல்கட்டுப் பேச்சுல சொல்வாங்க. ஒண்ணு, "ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலை." இன்னொண்ணு, "ஆறின கஞ்சி பழங்கஞ்சி." நண்பனோட சண்டைன்னா அன்னைக்கே போய் நிக்காதீங்க, வாய் வெந்துடும். ஆனா மாசக்கணக்குல விட்டுட்டா அவனுக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு புது வாழ்க்கை வந்து உட்கார்ந்துடும், அப்புறம் மன்னிப்புக்கு ருசி இருக்காது. ஒருத்தருக்கு ஆபத்து, ஒரு பிள்ளைக்கு யாரோ தொந்தரவு கொடுக்கிறாங்க, நண்பன் தப்பான முடிவு எடுக்கப் போற மாதிரி பேசறான், இந்த மாதிரி இடத்துல யாரோட மனநிலையையும் பார்த்துக் காத்திருக்காதீங்க. உடனே பெரியவங்ககிட்ட சொல்லுங்க. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

கடைசியா, எங்க பாதயாத்திரைக் குழுவுல நடந்த ஒண்ணு. கல்லூரி ரெண்டாம் வருஷம் படிக்கிற தம்பி. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வரணும்னு மாலை போடத் துடிச்சான். அப்பா லாரி ஓட்டுநர், ஒரே வார்த்தையில "வேணாம்"னுட்டார். இவன் "சாமி காரியத்துக்குத் தடை போடாதீங்க"ன்னு பேசி, அவர் தட்டை நகர்த்திட்டு எழுந்து போய், வீட்டுல நாலு நாள் பேச்சில்லை. என்கிட்ட வந்து, "அப்பாவுக்கு பக்தியே இல்லண்ணா"ன்னு அழுதான்.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்: "அவர் வேணாம்னு சொன்னப்ப முகம் எப்படி இருந்துச்சு, கோபமாவா, பயமாவா?" கொஞ்ச நேரம் யோசிச்சான். "என்னைப் பார்க்கவே இல்லண்ணா. தட்டைப் பார்த்துட்டுத்தான் சொன்னார்." கோபக்காரர் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருப்பாரேடான்னு சொல்லி அனுப்பிட்டேன்.

ஞாயித்துக்கிழமை அப்பா லாரியைக் கழுவிட்டிருக்கும்போது இவன் போய் வாளியைப் பிடிச்சிருக்கான். யாத்திரை பேச்சையே எடுக்கலை. கண்ணாடி துடைக்கும்போது மெதுவா, "அப்பா, ராத்திரி ஓட்டும்போது பாதயாத்திரை போறவங்க கண்ணுக்குத் தெரிவாங்களா?"ன்னு கேட்டிருக்கான். அவர் துணியை வச்சிட்டு அரை மணி நேரம் பேசினாராம். எதிர்ல வர்ற வண்டி வெளிச்சத்துல ரோட்டோரம் நடக்கிறவங்க அப்படியே மறைஞ்சு போறதையும், விடிகாலை மூணு மணிக்கு ஓட்டுறவனுக்கும் தூக்கம், நடக்கிறவனுக்கும் தூக்கம்கிறதையும், எதிர்ல வர்ற வண்டி தெரியற மாதிரி வலது ஓரமா நடக்காம எல்லாரும் முதுகைக் காட்டிட்டு நடக்கிறதையும் சொல்லியிருக்கார். ஒரு தைப்பூச ராத்திரி பிரேக் அடிச்ச இடத்தையும், அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாம கை நடுங்கினதையும் சொல்லியிருக்கார். பத்தொன்பது வருஷமா அந்தப் பிள்ளைக்குத் தெரியாத விஷயம்.

அந்த வருஷம் அவன் எங்களோட வரலை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்"னு அப்பா சொன்னாராம். இது எந்தப் "பார்க்கலாம்"னு அவனுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. நாங்க கிளம்பற அன்னைக்குக் காலையில கோயில் வாசல்ல ரெண்டு பேரும் வந்து நின்னாங்க. அப்பா கையில ஒரு பெரிய சுருள், லாரிக்குப் பின்னாடி ஒட்டுவாங்களே, சிவப்பும் வெள்ளையுமா ஒளிர்ற பட்டை. ஒவ்வொருத்தரையும் திருப்பி நிக்க வச்சு, பைக்குப் பின்னாடி ரெண்டு முழம் ஒட்டிவிட்டார். கத்தரியைப் பிடிச்சு வெட்டிக் கொடுத்தது தம்பி.

முருகா சரணம். வேலும் மயிலும் துணை.